சுத்தமான வேர்கள்

ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் மண், நோய் இரண்டும் சேர்ந்த பிரிவு அவளுடையது. அறைக்கதவில் முனைவர் என்று போட்டிருந்தாலும் தோட்டக்காரர்கள் அவளைக் கோடாலி மேடம் என்றுதான் சொன்னார்கள். அவளுடைய ஜீப் வந்து நின்றால் நாலு மரமாவது சாயாமல் போகாது என்று பேச்சு. அதில் பொய்யும் இல்லை. வெள்ளை வேர் நோய் மண்ணுக்குள்ளேயே வேர்விட்டு வேர் தாவும் பூசணம். இலை மஞ்சளாகி வெளியே தெரியும்போது அடியில் வேர் உளுத்திருக்கும். அந்த மரத்தைத் தோண்டி எடுத்து, சுற்றிலும் பள்ளம் வெட்டி, பக்கத்து வேர்களின் தொடர்பை அறுக்க வேண்டும். மரத்தின் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது.

அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்களில் முதல் ஆள் அக்காவின் கணவர். "படிச்சவங்க மரத்தைக் காகிதத்துல வளர்ப்பாங்க" என்பார் அத்தான். முன்பு ஒருமுறை தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஒரு மரத்துக்கு நோய் கண்டபோது, பள்ளம் வெட்டச் சொன்னாள். சிரித்து மழுப்பிவிட்டார். ஒரு வரிசையே போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தோட்டக்காரர்களுக்கு அவள் நடத்தும் கூட்டங்களுக்கெல்லாம் அத்தான் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

இந்த வருடம் மழை ஓய்ந்ததும் அக்கா போன் செய்தாள். "நடுத் தோட்டத்துல இலையெல்லாம் மஞ்சளா இருக்கு. உங்க அத்தானுக்குத் தூக்கமே இல்ல. நீ வந்து பாரேன்."

"இந்த வாரம் தலைக்கு மேல வேலை அக்கா. அடுத்த வாரம் வர்றேன்."

அதுவரை எதையும் தொட வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அத்தானாவது, சொன்னதைச் செய்வதாவது.

அவள் போய் இறங்கியபோது நடுத் தோட்டத்தில் வானம் தெரிந்தது. பால் தந்துகொண்டிருந்த இரண்டு வரிசை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. சுற்றிலும் நூல் பிடித்தாற்போலப் பள்ளம்.

"உன் கூட்டத்துல சொன்னபடியே செஞ்சிருக்கேன். குறை இருந்தா சொல்லு" என்றார் அத்தான். வீட்டுப் பாடத்தை முடித்த பிள்ளையின் முகம் அவருக்கு.

அவள் மண்டியிட்டு ஒரு வேரைக் கத்தியால் சுரண்டினாள். வெள்ளை இழை எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. ஒவ்வொரு மரமாகப் போனாள். எல்லாம் சுத்தமான வேர்கள். பிறகுதான் நின்றிருந்த மரத்திலிருந்து ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள். நரம்புகள் பச்சை, நரம்புகளுக்கு நடுவில் மட்டும் மஞ்சள்.

"என்ன உரம் போட்டீங்க அத்தான்?"

"பொட்டாஷ். பால் ஏறும்னு ரெண்டு தடவை போட்டேன்."

பொட்டாஷ் மிஞ்சினால் மரத்தால் மக்னீசியத்தை எடுக்க முடியாது. மண்ணில் இருந்த கொஞ்சத்தையும் மழை கரைத்துக்கொண்டு போயிருக்கும். நோயே இல்லை, வெறும் சத்துக்குறைவு.

'நல்லவேளை, முன்னாடியே வெட்டிட்டீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மிச்சமிருந்த மரங்களிலும் அதே மஞ்சள். மனிதர் அவற்றையும் சாய்த்துவிடுவார். அவள் உள்ளதைச் சொன்னாள்.

அத்தான் விழுந்து கிடந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தார். "மஞ்சள் தெரிஞ்சா தள்ளிப்போடாதீங்கன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். தோண்டிப் பார்த்துட்டு வெட்டுங்கன்னும் சேர்த்துச் சொல்லியிருக்கணும். எப்பவும் நானே வந்து பார்க்கறதால விட்டுப்போச்சு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "கேக்காதப்பவும் மரம் போச்சு. கேட்டப்பவும் போச்சு" என்றார். பிறகு, "மிச்சத்துக்கு என்ன போடணும்?" என்று கேட்டார். மக்னீசியம் சல்பேட்டை எவ்வளவு, எப்படிப் போடுவது என்று அவள் சொன்னாள்.

அக்கா சோறு போட்டாள்; தட்டு மேசையில் சத்தமாக உட்கார்ந்தது. "வாழ்க்கையில ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டாரு மனுஷன்" என்றாள். தங்கை சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த பருவத்தில் மிச்ச மரங்கள் பச்சை பிடித்தன. நடுவில் மரம் போன வெற்றிடத்தில் காற்று புகுந்து ஓரத்து மரங்கள் இரண்டை முறித்தது. அக்கா பழையபடி போன் செய்யத் தொடங்கினாள். தோட்டத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. அத்தான் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அவள் இப்போது கூட்டங்களில் இரண்டு இலைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறாள். எந்த மஞ்சள் எது என்று காட்டுகிறாள். தோண்டிப் பார்க்காமல் வெட்டக் கூடாது, பார்த்தபின் தாமதிக்கவும் கூடாது என்கிறாள். மின்விசிறிக்குக் கீழே பாதிப் பேர் தூங்கி வழிகிறார்கள். போன கூட்டத்தில் ஒருவர் எழுந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம். மஞ்சளா இருந்தா வெட்டணுமா, வேண்டாமா?"

அவள் இலைகளைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.