கலாதேவி அக்காவின் ஐந்து கார்கள்

எங்கள் ஈப்போ பிளக்-இன் ஹைபிரிட் குழுவில் நாற்பத்தொரு பேர் இருக்கிறோம். வீட்டில் சார்ஜ் போட்டு மின்சாரத்தில் ஓட்டலாம், சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓட்டலாம், அந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள். என்னிடம் கார் கிடையாது. அப்பாவின் காரைச் சொல்லித்தான் உள்ளே நுழைந்தேன்.

போன மார்ச்சில் எனக்கு ஓர் ஆசை வந்தது. இந்தக் காரை வாங்குகிறவர்கள் யார்? என்ன வயது? இதற்கு முன்னால் என்னென்ன கார் ஓட்டினார்கள்? குழுவில் ஒரு படிவம் அனுப்பினேன். பதில்கள் வர வர எனக்குத் தூக்கமே போய்விட்டது! முப்பதுகளில் இருப்பவர்கள் மைவி, சிவிக், அப்புறம் நேராக இது. ஐம்பதைத் தாண்டியவர்கள் கன்சில், வீரா, கேம்ரி என்று படிப்படியாக ஏறி வந்திருக்கிறார்கள். சித்தியவானில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் துரைசிங்கம் ஐயா ஒரே வால்வோவை முப்பத்தொரு வருடம் வைத்திருந்தார். கார் வரிசையைக் காட்டுங்கள், வயதை நான் சொல்கிறேன் என்று அப்பாவிடம் பந்தயம் கட்டும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் இந்தப் பதில் வந்தது.

கலாதேவி, வயது 58, சுங்கை சிப்புட். டட்சன், மூன்று வாரம். சாகா, இரண்டு மாதம். கன்சில், ஒரு மாதம். மறுபடியும் கன்சில், ஒரு மாதம். மைவி, ஆறு வாரம். 'ஏன் மாற்றினீர்கள்?' என்ற கட்டத்தில் முதல் நான்குக்கும் ஒரே பதில்: 'இஞ்சின் செத்துப்போச்சு.' ஐந்தாவதற்கு ஒரே சொல்: 'பாஸ்.'

யார் இவர்? கார் வியாபாரியா? மூன்று வாரத்தில் ஒரு டட்சனின் இஞ்சினை எப்படிச் சாகடிக்க முடியும்? அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

தாமான் குடியிருப்பில் ஓரத்து வீடு. வரவேற்பறை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே சார்ஜ் ஒயர் வெளியே வந்து, ஒரு பழைய ஜெர்மன் காரில் போய்ச் சேர்ந்திருந்தது. கலாதேவி அக்கா கேட்டைத் திறந்ததும் நான் கேட்டேவிட்டேன்.

"அக்கா, நாலு காருக்கும் இஞ்சின் போச்சா? என்னக்கா ராசி இது?"

"என் காரா? டிரைவிங் ஸ்கூல் காரும்மா அதெல்லாம்! இதுக்கு முன்னாடி என்ன கார் ஓட்டுனீங்கன்னு நீ கேட்டிருந்தல்ல? நான் ஓட்டுனது அவ்வளவுதான் லா."

உள்ளே நாற்காலியிலிருந்து அவர் கணவர் ஐயாவுவின் குரல் வந்தது. "ஓட்டுனேன்னு சொல்லாத. உருட்டுனேன்னு சொல்லு."

"நீங்க சும்மா இருங்க."

கதை அப்புறம்தான் தெரிந்தது. நம் ஊர் லைசென்ஸ் தேர்வில் 'பூக்கிட்' என்று ஒன்று உண்டு. சிறிய மேடு. பாதி ஏறி, மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும். அக்கா முதலில் ஏறியது 1989இல், இருபத்திரண்டு வயதில், டட்சனில். கிளட்சை விட்டதும் இஞ்சின் அணைந்தது, கார் பின்னால் உருண்டது. ஃபெயில். 96இல் சாகா. ஃபெயில். 2003, 2006, இரண்டும் கன்சில், இரண்டும் அதே மேட்டில்.

"நாலாவது தடவ சிக்கு எனக்கு முன்னாடியே கண்ண மூடிக்கிட்டாரு," என்று பயிற்சியாளரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்.

அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அந்த இடம் முழுக்க இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. அக்கா கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தார், கம்பெனி பஸ்ஸில் போய் கம்பெனி பஸ்ஸில் வந்தார். ஒவ்வொரு ஃபெயிலுக்கும் மறுநாள், பஸ்ஸில் அவருடைய ஜன்னல் சீட்டை யாரும் எடுக்காமல் வைத்திருப்பார்களாம். யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்களாம். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

ஐயாவு அண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோய் கண்களைப் பிடித்ததும் சாவியைக் கீழே வைத்தார். அந்த வருடம்தான், ஐம்பத்தைந்து வயதில், அக்கா ஆட்டோ கியர் மைவியில் ஐந்தாவது தடவையாக மேடேறி லைசென்ஸ் வாங்கினார்.

"அப்புறம் ஏங்கா இந்தக் கார்?"

"ஈப்போவுல பழைய வண்டி விக்கிற கடைக்குப் போனோம். அந்தச் சீனப் பையன் இத நகத்துறான், சத்தமே இல்ல. இஞ்சின் ஓடுதான்னு கேட்டேன். இல்ல ஆண்ட்டி, அணைஞ்சுதான் இருக்குன்னான். ஏற்கனவே செத்த இஞ்சின் இனிமே எப்படிம்மா சாகும்? அங்கயே இபிஎஃப் காச எடுத்து வச்சிட்டேன்."

பதினான்கு மாதமாக அந்தக் காரில் அவர் பெட்ரோலே போட்டதில்லை! சார்ஜில் நாற்பது கிலோமீட்டர் போகும். சந்தை, கிளினிக், கோயில் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஈப்போ போனால் பேரங்காடியில் சார்ஜ் போட்டுத் திரும்புவார். சிம்பாங் பூலாய் சரியாக நாற்பது, அதனால் போவதில்லை. இரண்டு தடவை இஞ்சின் தானாகவே ஓடியிருக்கிறது. இரண்டு தடவையும் ஓரமாக நிறுத்தி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அடங்கும்வரை காத்திருந்தாராம்.

இப்போதுதான் சிக்கல். மகள் துளசிக்குச் சித்தியவானில் குழந்தை பிறந்து வரும் சனிக்கிழமை முப்பதாவது நாள், பெயர் வைக்கிறார்கள். சித்தியவான் நூறு கிலோமீட்டருக்கும் மேல். மருமகன் வந்து அழைத்துப்போவதாகச் சொன்னதற்கு, "நானே வாரேன்" என்று அக்கா வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

"போய்ச் சேரலன்னா இந்தக் கார வித்துடுவேன். இனி ஸ்டீரிங்கத் தொட மாட்டேன்."

"இப்பவே வித்துடலாம், டீசல் மிச்சம்," என்றார் அண்ணன்.

"இது டீசலே இல்லங்க!"

நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். படிவத்தில் அந்த ஐந்து கார்களையும் எடுத்துவிடச் சொன்னார் அப்பா. நான் எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். பழைய பெட்ரோலோடு புதியதைக் கலந்து டாங்கியை நிரப்பியிருந்தேன். அண்ணன் பின்சீட்டில், மடியில் குழந்தைக்கு வாங்கிய தொட்டில் துணி. நான் முன்னால். சார்ஜ் தீர்ந்ததும் இஞ்சின் வரும், பயப்படாதீங்க என்று அக்காவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

பூசிங்கைத் தாண்டியதும் வந்தது. லேசான உறுமல். அக்காவின் விரல்கள் ஸ்டீரிங்கில் வெளுத்தன.

"வந்துருச்சு."

"வந்தா வரட்டும் லா, நீ ரோட்டப் பாரு," என்றார் அண்ணன்.

ஓடியது. பத்து கிலோமீட்டர், இருபது. அக்காவின் தோள் கொஞ்சம் இறங்கியது. போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் மேட்டில் சாலை வேலை. ஒருவர் சிவப்புக் கொடி காட்டினார். அக்கா பாதி மேட்டில் நிறுத்தினார். பின்னால் செம்பனைக் குலை லாரி ஒன்று ஒட்டி வந்து நின்றது.

இஞ்சின் அணைந்தது.

நான் செய்த தப்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது. இஞ்சின் தானாக வரும் என்று சொன்னேனே தவிர, நின்றால் தானாக அணையும் என்று சொல்லவே இல்லை!

"செத்துப்போச்சு," என்றார் அக்கா, மிக மெதுவாக.

நான் வாயைத் திறந்தேன். "அக்கா, அது வந்து..."

"பேசாத."

பின்சீட்டில் ஒரு கேலியும் இல்லை. அண்ணனுக்குக் கண் தெரியாது, ஆனால் பின்னால் நிற்கும் லாரியின் சத்தம் அவருக்குத் தெரியாதா? தொட்டில் துணிப் பையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

பச்சைக் கொடி. லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். அக்கா பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

கார் உருளவில்லை. தானே பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்தார். பேட்டரியில் மிச்சமிருந்த கொஞ்ச மின்சாரத்தில் சத்தமே இல்லாமல் முன்னால் நகர்ந்தது, இரண்டு கார் நீளம், மூன்று கார் நீளம். அப்புறம் இஞ்சின் தானாகவே எழுந்து சேர்ந்துகொண்டது.

பாலத்தின் மேல் ஏறினோம். நான் வெளியே ஆற்றைப் பார்ப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"தானா செத்துச்சு, தானா எந்திரிச்சிருச்சு," என்றார் அக்கா. கொஞ்ச தூரம் போனபின், "முப்பத்தாறு வருசமா இந்தக் கார் எங்க இருந்துச்சும்மா?"

சித்தியவானில் துளசி குழந்தையோடு கேட்டருகே நின்றிருந்தார். அக்கா காரை உள்ளே விட்டு நிறுத்தினார். இஞ்சின் முனகிக்கொண்டிருந்தது. அது தானாக அடங்குவதற்கு முன் பொத்தானில் விரலை வைத்தார்.

"இந்தத் தடவ நான் அணைக்கிறேன்."

அழுத்தினார். அமைதி.

பின்சீட்டில் அண்ணன் தொண்டையைச் செருமினார். "டிரைவர், கதவத் தொறந்து விடுங்க. பேரனப் பாக்கணும்."