புனிதை கறுப்பு உடுத்தவில்லை

குளியல் தொட்டியில் கம்பளியை மிதித்துக்கொண்டிருந்தவர் ஃபின்டன். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, வெந்நீரும் சோப்புமாக அரைமணி நேரமாய் ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தார். எங்கள் அயர்லாந்தின் டோனிகாலில் நெய்து வாங்கிய, சாயம் போடாத துணி. மிதித்தால்தான் இறுகும்.

"ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி இதை யாரு மிதிச்சாங்களாம்?" என்று கேட்டார்.

"தெரியல. ஊகம்னு எழுதி வெச்சிருக்கேன்," என்றாள் அசம்ப்டா, கதவருகே நின்றபடி.

"என் கால்வலி ஊகமில்ல. அதையும் எழுதிக்கோ."

அசம்ப்டாவும் அவள் கணவர் ஃபின்டனும் எனக்குப் பக்கத்து வீடு. எங்கள் ஊரில் பாதி ஜன்னல்களின் திரை அவள் தைத்தது. எங்கள் ஊர்ப் புனிதையின் திருநாளில், பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி புனிதையாக வேடமிட்டுப் புனிதக் கிணற்றைச் சுற்றி முன்னால் நடப்பாள். வேடத்துக்கு சிஸ்டர் பெனிக்னஸின் பழைய கறுப்பு அங்கி. மூன்று வருஷத்துக்கு முன் அதன் ஓரம் கிழிந்து அசம்ப்டாவிடம் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே டப்ளின் கடை ஒன்றின் லேபிள்.

"அப்ப அவங்க நிஜமா என்னத்தை உடுத்தியிருப்பாங்க?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? நூலகத்தில் கேட்டாள். அருங்காட்சியகத்துக்கு எழுதினாள். அந்தக் காலத்துக் கன்னியர் உடை ஒன்றுகூட மிஞ்சவில்லை, துணிக் கிழிசல்களும் ஊசிகளும் புனிதர் வரலாறுகளில் சில வரிகளும்தான் என்று பதில் வந்தது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். இவள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முன்பக்கத்திலிருந்து 'தெரியும்' என்றும், பின்பக்கத்திலிருந்து 'ஊகம்' என்றும் எழுத ஆரம்பித்தாள். முன்பக்கம் நான்கு தாளைத் தாண்டவில்லை.

இந்த வருஷமாவது அந்தப் பெண் கறுப்பை விட்டு, புனிதை உடுத்தியிருக்கக்கூடிய சாயமில்லாத வெள்ளையில் நடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பங்குச் சாமியாரிடம் கேட்டாள். "சிஸ்டர் சரின்னா எனக்கும் சரி," என்று அவர் நழுவிக்கொண்டார். அதனால் வியாழக்கிழமை மத்தியானம் சிஸ்டர் பெனிக்னஸ் தேநீருக்கு வந்தார். எண்பத்தாறு வயது. எங்கள் எல்லோருக்கும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். அவர் சமையலறைக்குள் நுழைந்ததும் அசம்ப்டா எழுந்து நின்றுவிட்டாள். ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த நானும் நிமிர்ந்தேன்.

ஃபின்டன் மிதித்த துணியில் அசம்ப்டா தைத்த போர்வை மேசைமேல் இருந்தது. சிஸ்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். "பாக்கெட் எங்க?"

"அப்ப பாக்கெட் கிடையாது சிஸ்டர்."

"கைக்குட்டையை எங்க வெச்சுக்கிட்டாங்க?"

"அதுக்கு ஆதாரம் கிடைக்கல."

"மூக்கு இருந்ததுக்காவது ஆதாரம் இருக்கா?"

நான் ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டேன். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"இருபத்தஞ்சு வருஷம் அந்தக் கறுப்பைப் போட்டேன், அசம்ப்டா. கஞ்சி போட்ட பட்டை கழுத்தை அறுக்கும். வெயில்ல மயக்கம் வரும். புனிதை போட்டதுதானேன்னு பொறுத்துக்கிட்டேன். இப்ப அவங்க அதைப் போடவே இல்லேங்கிறே."

அசம்ப்டா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"போடல சிஸ்டர். கறுப்பு பல நூறு வருஷம் கழிச்சு வந்தது."

"இது மட்டும் அவங்களோடதா? உன் புஸ்தகத்துல எந்தப் பக்கம்?"

"வெள்ளை முக்காடு, 'தெரியும்'ங்கிற பக்கம். போர்வை..." அவள் கைகளைப் பிசைந்தாள். "பாதி ஊகம்."

"பாதி ஊகத்துக்கா ஃபின்டனைத் தொட்டியில நிக்க வெச்சே?"

"அப்படிக் கேளுங்க சிஸ்டர்!" என்று கூடத்திலிருந்து ஃபின்டனின் குரல் வந்தது.

சிஸ்டர் போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அசம்ப்டா போய் முன்னால் ஊசியைக் குத்தி இறுக்கினாள். அவர் கையை இப்படியும் அப்படியும் நீட்டிப் பார்த்தார். கழுத்தைத் திருப்பினார், முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம்.

"கனமே இல்லையே," என்றார், யாரிடமும் அல்லாமல்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அசம்ப்டாவால் பொறுக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு எதைப் போட்டுக்கட்டும் சிஸ்டர்? சாமியார்கிட்ட நான் என்ன சொல்ல?"

சிஸ்டர் பெனிக்னஸ் கைத்தடியை எடுத்துக்கொண்டு, போர்வையைக் கழற்றாமலே கதவைத் திறந்து வெளியே போனார்.