அமெரிக்காவுக்குப் பதிலாக ஒரு பள்ளம்

அப்பாவுக்கு ஒரே ஒரு சுற்றுலா ஆசைதான் இருந்தது. அமெரிக்கப் பாலைவனத்தில் இருக்கும் அந்தச் சிவப்புப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று கீழே பார்க்க வேண்டும். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்து உணவகக் குசினிகளில் சட்டி கழுவிவிட்டு வந்து, காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் அதைத்தான் பார்ப்பார். டொச் மொழி விளங்காது. பள்ளம் விளங்கும்.

பென்ஷன் வந்ததும் போவோம் என்றார். பென்ஷனுக்கு முன்னமே இருமல் வந்தது.

ஒன்பது வயதிலிருந்து வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான். கடிதம், அன்ட்ராக் படிவம், அம்மாவின் பல் வைத்தியரிடம் டெர்மின் எடுப்பது எல்லாம் என் வாயால்தான் போய்வரும். இப்போது பிராங்பேர்ட்டில் வேலை. டெர்மின் என்றால் ரயிலேறி வந்துவிடுவேன். அப்பாவின் இருமலுக்கு முடிவு சொல்லும் அந்த வியாழக்கிழமையும் வந்தேன். நுரையீரலில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார் டொக்டர். மருந்து ஏற்றினால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம், ஆனால் அவை சுகமான மாதங்களாக இருக்காது, ஏற்றுவதா வேண்டாமா என்பதை அப்பாதான் முடிவுசெய்ய வேண்டும் என்றார்.

அம்மா முதலே சொல்லியிருந்தா: "என்ன வருத்தமெண்டாலும் அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை. மனுசன் உடைஞ்சு போயிடும்." எங்கள் ஆட்களிடம் இது எழுதாத சட்டம். கனடாச் சொந்தங்கள் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், நோயாளியைத் தவிர.

"சளி கட்டியிருக்காம் அப்பா. மருந்து ஏத்தினால் சரியாம்" என்றேன்.

அப்பா தலையாட்டினார். அவருக்குச் சம்மதம் என்று டொக்டரிடம் சொன்னேன். நான் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவிடம் மட்டும் அன்றிரவே உண்மையைச் சொன்னேன். மருந்து ஏற்றத் தொடங்குவது திங்கட்கிழமை. அமெரிக்கா இனி ஏலாது. சனிக்கிழமை காலை அப்பா அம்மா இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு, கொலோனுக்கு அப்பால் நிலக்கரி தோண்டும் திறந்த சுரங்கத்துக்குப் போனேன். ஏமாற்றுவதென்று தொடங்கிய பிறகு பள்ளத்தாக்கிலும் ஏமாற்றினால் என்ன?

ஆனால் விளிம்பில் நின்றபோது அது ஏமாற்றாகத் தெரியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரமில்லை, ஒரு புல்லில்லை. மஞ்சளும் சாம்பலும் கறுப்புமாக மண் படிபடியாகக் கீழே இறங்கியது. காற்றில் வந்த மணல் பல்லில் கரகரத்தது. அடியில் நின்ற இராட்சத இயந்திரம் தீப்பெட்டி அளவுதான் தெரிந்தது.

"பரவாயில்லை, நல்லா வெட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்றார் அப்பா.

அம்மா தேநீர்ப் போத்தலோடும் மீன் ரோல்ஸோடும் மர வாங்கில் உட்கார்ந்துவிட்டா. நானும் அப்பாவும் விளிம்போரப் பாதையில் நடந்தோம். வழியில், சுரங்கத்துக்காக ஆட்களை வெளியேற்றிவிட்ட ஊர் ஒன்று ஜன்னல் மறைப்புகளை எல்லாம் இறக்கிவிட்டுக் கிடந்தது. அப்பா மூன்று தரம் நின்று இருமினார். மூன்றாம் தரம் வாயில் பிடித்த கைலேஞ்சித் துணியைப் பார்த்துவிட்டு, மடித்துப் பையில் வைத்தார். திரும்புவோம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை.

பாதை முடியும் இடத்தில் ஒரு தகவல் பலகை நின்றது.

"என்ன எழுதியிருக்கு?"

"தோண்டி முடியத் தண்ணி விட்டு ஏரியாக்கப் போறாங்களாம்."

அப்பா பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இவ்வளவு எழுத்துக்கும் அவ்வளவுதானோ? அண்டைக்கு டொக்டரும் கனநேரம் கதைச்சவர். நீ ரெண்டு வசனம் சொன்னனீ."

நான் பலகையைத் திரும்ப வாசிப்பதுபோல் நின்றேன்.

"சளிக்கு ஒரு டொக்டர் அப்பிடிக் குனிஞ்சுகொண்டு கதைக்கிறேல்லை, பிள்ளை. சொல்லு. ஒண்டும் விடாமல் சொல்லு."

சொன்னேன். ஈரலைச் சொன்னேன், மாதங்களைச் சொன்னேன், அவருடைய பதிலை நானே சொன்னதையும் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அப்பா பள்ளத்தைப் பார்த்தபடி கேட்டார். கோபிப்பார் என்று காத்திருந்தேன். கோபித்திருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்!

"மருந்து வேண்டாம்" என்றார். "திங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவம். நீ கதைக்க வேண்டாம். வேண்டாமெண்டதுக்கு நைன் எண்டு சொல்ல எனக்குத் தெரியும்."

திரும்பி நடந்தோம். வாங்கு தெரியத் தொடங்கியதும் அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்குத் தெரியுமெண்டு அம்மாவுக்கு இப்ப சொல்லாதை. எனக்குத் தெரியாது எண்டு நினைச்சுத்தான் அவ நித்திரை கொள்ளுறா. திங்களுக்குப் பிறகு நான் சொல்லுறன்."

அம்மா தேநீரை ஊற்றி அவர் கையில் கொடுத்தா. பிறகு என்னைப் பார்த்து, "அழுதனியோ? கண் சிவந்திருக்கு" என்று கேட்டா.

"மண் விழுந்திட்டுது அம்மா" என்றேன்.

அப்பா தேநீரைக் குடித்தார்.