சுண்ணாம்புப் படத்துக்கு ஒரு வரி

காலை பத்தேகால் மணி. அக்டோபர் வெயில், துளிக் காற்றில்லை. நடந்ததைக் கொண்டுவருவது நிருபரின் வேலை, நடந்ததற்குப் பெயர் வைப்பது எங்கள் வேலை; மும்பை மாட்டுங்காவில் ஒரு சிறிய தமிழ் நாளிதழின் உதவி ஆசிரியராக நான் நெடுங்காலமாகப் பெயர்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ ஒரு சுற்றறிக்கை எழுதி எல்லாத் தரப்பிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் என்றால், அன்றைய என் பாடு உங்களுக்குப் புரியும்.

இரண்டு சொற்கள்

தாராவியில் ஒரு சந்து. அங்குள்ள வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் முந்தைய நாள் ஒவ்வொரு கதவிலும் சிவப்புப் பெயின்ட்டால் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். விடிந்ததும், வீட்டை இடிக்க விடமாட்டோம் என்ற பெண்கள் சிலர் கூடி அந்த எண்களின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். எண் இருந்தால்தான் மாற்று வீடு கிடைக்கும் என்று நம்புகிறவர்களும் அதே சந்தில் உண்டு. அவர்களுடைய கதவுகளும் தப்பவில்லை. ஆகவே போலீசில் புகார்.

எங்கள் நிருபர் செல்வின் படத்தோடு வந்தான். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, கையில் பிரஷ், முகம் தெளிவாகத் தெரிகிறது. அது யார் வீட்டுக் கதவு என்று கேட்டேன். அவளுடையதுதான் என்றான். நடந்ததை எழுதிக் கொடு என்றேன். தாராவியில் பிறந்தவன், தமிழில் ஓயாமல் பேசுவான், எழுதச் சொன்னால் மட்டும் நெளிவான். நாசவேலை, போராட்டம் என்ற இரண்டுக்கும் அவன் வாயில் வந்தது இந்திதான்.

“அக்கா, போலீஸ் தோட்ஃபோட்னு சொல்றாங்க, பொம்பளைங்க ஆந்தோலன்னு சொல்றாங்க, ரெண்டுக்கும் நடுவுல தமிழ்ல ஏதாவது இருந்தா நீங்களே போட்டுக்குங்க.”

முதலாளியின் யோசனை

பத்திரிகையின் உரிமையாளரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். திருநெல்வேலிப் பக்கத்து வணிகக் குடும்பம். குரல் உயராது, முடிவு மாறாது. படத்தைப் பார்த்த உடனே அதை முதல் பக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, ‘தாராவியில் பெண்கள் அட்டகாசம்’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். செல்வின் எட்டிப் பார்த்துவிட்டு, ‘வீரப் பெண்மணி’ என்றுதான் போட வேண்டும் என்றான்.

அட்டகாசம் என்றால் எதையாவது உடைத்திருக்க வேண்டும், சந்தில் ஒரு பானைகூட உடையவில்லையே என்று நான் பொறுமையாகச் சொன்னேன். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏம்மா, கட்டடம் கட்டுதவன் நமக்கு முழுப் பக்க விளம்பரம் தாரான்; சுண்ணாம்பு அடிச்சவளா தரப்போறா?”

படத்தில் இருந்தவள்

பிற்பகலில் அந்தப் பெண்ணே படியேறி வந்தாள். பெயர் ஞானம்மாள், செம்பூரில் ஒரு மழலையர் பள்ளியில் தற்காலிக ஆயா. அந்த மாதம்தான் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்களாம். வீட்டில் வேறு சம்பளம் இல்லை. பள்ளியின் தலைமையாசிரியை தமிழ்க்காரர். நாள் தவறாமல் எங்கள் பத்திரிகையை வாசிப்பவர். படத்தைப் போடாமல் விட முடியுமா என்று கேட்டாள். அது என் கையில் இல்லை, படத்துக்குக் கீழே வரும் வரி மட்டுமே என் பொறுப்பு என்றேன்.

தைரியம் சொல்வதாக நினைத்து, “உங்களைத் திட்டி எழுத மாட்டோம். வீரப் பெண்மணி என்று போடச் சொல்கிறவரும் இங்கே இருக்கிறார்” என்றேன். அவள் முகம் இன்னும் வாடிவிட்டது.

“எம்மா, ரவுடின்னு போட்டா வேலை போவும், வீரப் பெண்ணுன்னு போட்டா அதவிட வெரசாப் போவும், புள்ளைகளுக்குக் கால் கழுவி விடுதவளுக்கு என்னத்துக்கு வீரம்னு கேப்பாவ.”

யாரும் குறை சொல்ல முடியாத வரி

மாலைக்குள் எழுதி முடித்தேன். செய்தியின் தலைப்பு: ‘கதவு எண்கள் மறைப்பு, போலீசில் புகார்’. உள்ளே எல்லாம் இருந்தது: எதிர்த்தவர்கள் சொன்னது, எண் வேண்டும் என்றவர்கள் சொன்னது, அடுத்தவர் கதவிலும் சுண்ணாம்பு விழுந்தது. படத்தின் கீழே ஒரே வரி: ‘தாராவியில் தன் வீட்டுக் கதவுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பெண்.’ ஒவ்வொரு சொல்லும் உண்மை, நீதிமன்றத்தில்கூட நிற்கும். ஆனால் செய்தியை வாசிக்கிறவர்கள் சிலர், படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்பதைப் பத்திரிகையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அண்ணாச்சி மறுப்பதற்கு ஏதேனும் கிடைக்குமா என்று இருமுறை பார்த்தார். கிடைக்கவில்லை.

“கேசும் வராது, விளம்பரமும் போவாது, ஆனா இதப் பாத்தா அவ தீவாளிக்கு வெள்ளையடிக்க மாதிரில்லா இருக்கு.”

மறுநாள் காலை

தலைமையாசிரியை பத்திரிகையைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் விசேஷமா என்று ஞானம்மாளைக் கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடப் போயிருக்கிறாள். இடைவேளையில் எனக்குப் போன் செய்தாள். நன்றி சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

“வேலை போவலம்மா, ஆனா சந்துல ஒருத்தியும் எங்கூடப் பேசல. ‘நாங்க எல்லாரும் போராடுனோம், நீ மட்டும் ஒன் வீட்டுக்கு வெள்ளையடிச்சியாக்கும்’னு கேக்காளுவ.”

அதே நேரத்தில் கணக்கெடுப்பவர்கள் திரும்பி வந்து காய்ந்த சுண்ணாம்பின் மேல் புதிதாக எண் எழுதினார்கள். செல்வின் அதைப் படம் எடுத்தான். அண்ணாச்சி விளம்பரக்காரருக்குப் போன் போட்டு நலம் விசாரித்தார். நான் அந்தப் புதுப் படத்துக்கு வரி எழுத உட்கார்ந்தேன்.

ஒரு போராட்டத்தைத் திட்டாமலும் புகழாமலும் நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட முடியும், அதற்கு எங்கள் தொழிலில் நடுநிலை என்று பெயர்.