போகச் சொன்ன வாய்

மைக்கை ஊதிப் பார்க்க மாட்டார். ‘ஹலோ, செக், செக்’ என்று கத்தவும் மாட்டார். அதெல்லாம் கற்றுக்குட்டிகளின் வேலை என்பது அமலநாதனின் கட்சி. கைக்குட்டையால் மைக்கின் தலையை ஒருமுறை துடைத்துவிட்டு, மண்டபத்தின் கடைசி வரிசையைப் பார்த்து ஒரே ஒரு ‘வணக்கம்’ சொல்வார். பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் மைக் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

லாபிஸ் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அறிவிப்பாளர் அவர்தான். வார நாட்களில் செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர் கீப்பர். அங்கே அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூவேலைப் பாத்தேக் சட்டையை மாட்டிவிட்டால் ஆளே வேறு. மாதா கோயில் பிள்ளைதான், ஆனால் தாலி கட்டும் நேரத்தில் அவர் “கெட்டிமேளம்!” என்று குரல் கொடுத்தால் மேளக்காரர்களுக்கே உடம்பு சிலிர்க்கும்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் பட்டங்களில் இருந்தது. மாண்புமிகு, டத்தோ, டத்தோஸ்ரீ, தொகுதித் தலைவர், துணைத் தலைவர், முன்னாள் துணைத் தலைவர்... நம் நாட்டு மேடையில் ஒருவருடைய பட்டத்தை விழுங்கிவிட்டால் அந்த மனிதர் ஏழு தலைமுறைக்கு மறக்க மாட்டார். அமலநாதன் எதையும் விழுங்கியதில்லை. கூட்டத்தையும் குறைத்துச் சொன்னதில்லை. “எதிர்ல மூணு பேரு உக்காந்திருந்தாலும் ‘கடலெனத் திரண்டிருக்கும்’னுதான் சொல்லணும் லா. வந்தவங்களுக்கு மனசு நெறையணும்ல?” என்பார்.

இந்தப் பெருந்தன்மைதான் மனிதரைக் கவிழ்த்தது.

கொரோனா காலத்தில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வட்டாரத்துத் தலைவரான டத்தோ ஒருவர் வேன் ஒன்றை ஏற்பாடு செய்தார். இரு பக்கமும் முகக்கவசம் போட்ட அவருடைய படம். உள்ளே மைக்கோடு அமலநாதன். குடியிருப்புத் தாமான் தாமானாக, சந்து சந்தாக, “கூட்டம் கூடாதீர்கள். வீட்டிலேயே இருங்கள். டத்தோ அவர்களின் அன்பான வேண்டுகோள்” என்று அந்தக் குரல் சுற்றிவந்தது. அதைக் கேட்டுக் குழந்தைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குள் ஓடின. அவருக்கும் உள்ளூரப் பெருமைதான். இல்லை என்று சொல்ல முடியாது.

அப்படி ஒரு காலை, ராசம்மாவின் வீட்டுத் தெருவில் வேன் நுழைந்தது. அவள் கணவர் ஐயாசாமி, செம்பனை லாரி ஓட்டியவர், முந்தைய நாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். சட்டப்படி வீட்டுக்குள் சிலர்தான் இருக்கலாம். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் மரத்தடியில் எட்ட எட்ட நின்றிருந்தார்கள், பெட்டி வெளியே வரும்போது முகத்தையாவது பார்க்கலாம் என்று. ஐயாசாமியின் அக்காள் அங்கம்மாவும் அவர்களில் ஒருத்தி. ராசம்மாவின் மகன் தீபன் சிங்கப்பூரில்; எல்லைப் பாலம் மூடிக்கிடந்தது; அவன் எல்லாவற்றையும் கைப்பேசியில்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கூட்டம் கூடாதீர்கள். தயவுசெய்து கலைந்து செல்லுங்கள்.”

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அங்கம்மாதான் கடைசி. வேனை ஒருமுறை பார்த்தாள், நடந்தாள். அமலநாதனும் அதைக் கவனித்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தானே என்று அடுத்த சந்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சில வாரங்கள்கூட ஆகவில்லை. டத்தோவின் உதவியாளர் போன் செய்தார். “ஸ்மால் மீட்டிங்தான் அங்கிள். சும்மா ரெண்டு வார்த்த பேசிட்டுப் போங்க.” போனால் டத்தோவின் பிறந்தநாள் விருந்து! வாழையிலை, ஆட்டிறைச்சி, மூன்றடுக்குக் கேக். முகக்கவசங்கள் எல்லாம் தாடைக்குக் கீழே தொங்கின. திரும்பி வந்திருக்கலாம். ஆனால் யாரோ கையில் மைக்கைத் திணித்துவிட்டார்கள். மைக்கை நீட்டினால் வேண்டாம் என்று சொல்கிற வாய் அவருக்கு ஆண்டவன் கொடுக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். “கடலெனத் திரண்டிருக்கும்” என்று ஆரம்பித்து, வந்திருந்த ஒவ்வொருவரையும் முழுப் பெயர், முழுப் பட்டத்தோடு வரிசை தவறாமல் வரவேற்று முடித்தார்.

யாரோ கேக்கை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார்கள். படத்தில் கேக் மட்டும்தான். ஒலியிலோ ஒட்டுமொத்த விருந்தும்! “நாலைந்து பேர்தான் இருந்தோம், வேலை விஷயம்” என்று டத்தோ பத்திரிகைக்குச் சொன்னார். நாட்டு மக்கள் அமலநாதனின் குரலில் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அலமாக்!

பழைய ஒலிப்பதிவு என்று சொல்லிவிடும்படி உதவியாளர் வந்து கெஞ்சினார். “என் கொரலுக்குத் தேதி கெடையாது தம்பி, சொல்லலாம். ஆனா கேக்குல அவரு வயசு எழுதியிருக்கே?” என்றார் அமலநாதன். உண்மையில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள இன்றுவரை ஊருக்கு ஆசை. கேட்டால், “மைக்கப் புடிச்சிட்டா எனக்கு எல்லாமே கடலுதான்” என்று நழுவிவிடுவார்.

“தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?” என்று மனைவி கெர்ட்ரூட் மட்டும் போகிறபோதும் வருகிறபோதும் ஒரு குத்து குத்துவாள்.

டத்தோ அபராதம் கட்டினார், வருத்தம் தெரிவித்தார். கொஞ்ச நாளில் அவர் கழுத்தில் மறுபடியும் மாலைகள் விழுந்தன. அமலநாதனைத்தான் யாரும் கூப்பிடவில்லை. ‘நம்மள வீட்டுல பூட்டி வச்சிட்டு, அங்க போயி வருக வருகன்னான் பாரு!’ என்று சாப்பாட்டுக் கடையில் அவர் காதுபடவே பேசினார்கள். பாத்தேக் சட்டை அலமாரியிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்து, தெருவில் போகிற பூனையைப் பார்த்து, “இதோ வந்துகொண்டிருக்கிறார்...” என்று மெல்லச் சொல்லிக்கொள்வார். கெர்ட்ரூடுக்குச் சிரிப்பு வராது. அழுகைதான் வரும்.

இந்த வைகாசியில் ராசம்மா வந்தாள், மகள் லோஷினியின் கல்யாணப் பத்திரிகையோடு.

“அண்ணே, நீங்கதான் மைக் புடிக்கணும்.”

அமலநாதன் பத்திரிகையை வாங்காமல் நின்றார். “நானா? ஏன் தங்கச்சி? ஊருல வேற ஆளு இல்லியா?”

“இருக்காங்க. ஆனா எங்க வீட்டுச் சாவுக்கு வந்தவங்கள ஒங்க வாய்தானே போகச் சொல்லிச்சு? அதே வாய் அவங்கள வாங்கன்னு கூப்புடணும். பேரு சொல்லி. மொதல்ல அவங்கள. மத்தவங்க எல்லாம் அப்புறம்.”

அவள் மரத்தடியில் நின்றவர்களின் பெயர்களைச் சொன்னாள். அவர் தாளில் குறித்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

கல்யாண நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. அமலநாதன் மைக்கைப் பிடித்தபோது பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. “இவரா?” என்று யாரோ கேட்டார்கள். அவர் கடல் என்று ஆரம்பிக்கவில்லை. “லாரி ஓட்டுநர் சபாபதி அவர்களே, வருக, வருக” என்றார். பட்டம் இல்லாத ஒருவரை மேடையிலிருந்து அப்படி அழைத்து அந்த மண்டபம் கேட்டதில்லை. சபாபதி வெலவெலத்துப் போய் எழுந்தார். தீபன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து முன்வரிசைச் சோபாவில் உட்காரவைத்தான். அடுத்து ஒருவர், அடுத்து ஒருவர். சலசலப்பு அடங்கியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. டத்தோ! பெயரும் பட்டமும் ஒலிபெருக்கியில் கேட்காமல் தலைவர்கள் மண்டபத்துக்குள் கால் வைப்பதில்லை. அது நம் ஊர் வழக்கம். டத்தோவும் வாசற்படியில் சிரித்த முகத்தோடு நின்றார். மாலை பிடித்தவர்கள் தயார். உறுமிக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். உதவியாளர் மேடைக்கு ஓடிவந்தார். “அங்கிள், இப்ப டத்தோஸ்ரீ ஆயிட்டாரு. மறந்துடாதீங்க. சீக்கிரம் சீக்கிரம்!”

இத்தனை வருடப் பழக்கம். ‘மாண்புமிகு’ அவர் நாக்கு நுனிக்கு வந்தேவிட்டது. இந்த மனிதரைப் பகைத்துக்கொண்டால் இனி ஒரு மேடைகூடக் கிடைக்காது என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. ராசம்மாவைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அங்கம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தடியில் நின்றவர்களில் இன்னும் அழைக்கப்படாதவள் அவள் ஒருத்திதான்.

“ஐயாசாமி அவர்களின் அன்பு அக்காள் அங்கம்மா அவர்களே, வருக, வருக.”

“என்னயா?” என்று அங்கம்மா பக்கத்திலிருந்தவளிடம் கேட்பது மேடைவரை கேட்டது.

அமலநாதன் இடது உள்ளங்கையை வாசற்பக்கம் உயர்த்தினார், சற்றுப் பொறுங்கள் என்று. அங்கம்மா சேலையைச் சரிசெய்து, கம்பை ஊன்றி, அடிமேல் அடி வைத்து முன்வரிசைக்கு வந்து உட்காரும்வரை அந்தக் கை இறங்கவில்லை.