மரத்தில் முதுகு இடித்த மான்சிக்

"உசுரக் காப்பாத்த இந்தப் பொட்டிய வச்சாங்க. இப்ப பொட்டியக் காப்பாத்த நான் படுத்துக் கெடக்கேன்."

கொரியாவின் கடலோரப் பூசான் நகரில், மலையடியில் நாலாம் மாடி வீட்டில் பியோ மான்சிக் தினமும் பாடும் பாட்டு இது. சூடேற்றிய தரையில் மெத்தை விரித்து அவரைக் கிடத்திவிட்டு, மனைவி ஒக்சுன் பக்கத்திலேயே உட்கார்ந்து கிம்ச்சி ஊறுகாய்க்கு முள்ளங்கி நறுக்குவாள். அவர் புரண்டால் கத்தி நின்றுவிடும்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கக்கூசுக்கு. அதுக்கும் டாக்டர் சீட்டு வேணுமா?"

"போங்க. தாப்பா மட்டும் போடாதீங்க."

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். விடிந்ததும் மலைச்சுனைக்கு ஏறுவார். தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, பைன் மரத்தில் முதுகைத் தொம் தொம்மென்று இடித்துக்கொள்வார். அங்கே வரும் பெரிசுகள் எல்லோருக்கும் அதுதான் உடற்பயிற்சி. போன வருடம் இதயத்துடிப்பு தறிகெட்டு மயங்கி விழுந்தார். தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு கருவி வைத்தார்கள். துடிப்பு மறுபடி தறிகெட்டால் மின்சாரத்தால் ஓர் அடி கொடுத்து நேராக்கும். காயம் ஆறியதும், நன்றாக நடங்கள் என்றுதான் டாக்டர் அனுப்பினார்.

மனிதர் நேரே மரத்துக்குப் போனார். இடித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சுக்குள் குதிரை உதைத்தது போல ஓர் அடி. சுருண்டு விழுந்தார்.

கூட இருந்த நண்பர் தல்ஹோ அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். "இடிச்ச இடியில மிஷினு கழண்டுருச்சு." சுனையடியில் எல்லாத் தலையும் ஆடியது. அன்றைக்கே ஒக்சுன் அவருடைய ஷூவைத் தூக்கி அலமாரி மேல் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கருவியைப் பரிசோதித்த டாக்டர் வேறு மாதிரி சொன்னார். "மரம் ஒண்ணும் பண்ணல. உங்க துடிப்பு தறிகெட்டுச்சு, மிஷின் உங்களக் காப்பாத்திச்சு. படுத்திருந்தாலும் அடிச்சிருக்கும். மாத்திரைய மாத்தியிருக்கேன். முதுக இடிக்காதீங்க, நடங்க. மொதல்ல சமதரையில, யாராவது கூட வரட்டும்."

ஒக்சுன் காதில் விழுந்தது 'இடிக்காதீங்க' மட்டும்.

அவரை வீட்டுக்குள் பூட்டியது அவள் மட்டுமல்ல, அவர் பயமும்தான். ஒருநாள் அவள் சந்தைக்குப் போனபோது, ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு மான்சிக் படியிறங்கினார். மூன்றாம் மாடியிலேயே நெஞ்சு படபடத்தது. படியிறங்கினால் யாருக்கும் வரும் படபடப்புதான். இதோ அடிக்கப்போகிறது என்று கைப்பிடியை இறுக்கிக்கொண்டு நின்றார். அடிக்கவில்லை. ஆனாலும் மேலே ஏறி வந்து படுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். "எனக்குத் தனியாப் போக பயமா இருக்கு. நீ வர்றியா?"

"என் முட்டிய வச்சுக்கிட்டு நாலு மாடி நான் எப்படிங்க எறங்கி ஏறுறது? வேற யாராவது கூட வந்தா போங்க. தடுக்க மாட்டேன்."

யார் வருகிறார்கள்? வருகிறவர்கள் ஜூஸ் பெட்டியோடு வந்து, "நீங்க படுங்கண்ணே" என்று சொல்லி, வெட்டி வைத்த பேரிக்காயைத் தின்றுவிட்டுப் போகிறார்கள். தல்ஹோவும் அப்படித்தான்.

அதனால், அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒரு நடை போய் அவரைப் பாருங்கள். ஜூஸ் பெட்டி வேண்டாம். ஷூவைக் கழற்றாதீர்கள், கழற்றினால் மெத்தை போட்டு உட்கார வைத்துவிடுவாள். வாசலிலேயே நின்று, "அண்ணே, கடல் பக்கம் போயிட்டு வரலாம், கிளம்புங்க" என்று கூப்பிடுங்கள். படியில் அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள்.