வீட்டுப் பாத்தி

திருவொற்றியூருக்கு மேற்கே கீரைத் தோட்டங்கள் இருந்த இடமெல்லாம் இன்றைக்கு அடுக்குமாடிகள். காலை எட்டு மணிக்குள் பாதி ஊர் மெட்ரோ ரயிலைப் பிடிக்க ஓடிவிடுகிறது. கட்டடம் எழும்பாமல் மிஞ்சிய அரை ஏக்கரில் அங்கம்மா மட்டும் குத்தகைக்குக் கீரை போட்டாள். குடியிருப்பு வாசலிலேயே கூடையை இறக்குவாள். ஓடுகிறவர்களும் நின்று வாங்கினார்கள். 'தோட்டத்துக் கீரை' என்று அவர்கள் மெச்சும்போது அவளுக்குத் தலைகால் புரியாது.

தோட்டக்காரர்கள் வெளியே சொல்லாத வழக்கம் ஒன்று உண்டு. கிணறு உப்பாகிப்போன பிறகு, விற்கிற கீரைக்கு ஆலைக் கழிவு கலந்த வாய்க்கால் தண்ணீர்தான். தாங்கள் சாப்பிட ஓரமாக ஒரு பாத்தி. அதற்கு மட்டும் குடத்தில் லாரித் தண்ணீர். அதை வீட்டுப் பாத்தி என்பார்கள். முப்பது வருடமாக அங்கம்மாவுக்கு இது தப்பென்றே தோன்றியதில்லை. அப்போதெல்லாம் கீரை மொத்தமாக மார்க்கெட்டுக்குப் போயிற்று. யார் வயிற்றுக்குப் போகிறதென்று யார் கண்டார்கள்?

இப்போது அந்த வயிற்றைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாம் மாடி ஜெயஸ்ரீ வங்கியில் வேலை பார்ப்பவள், ஐந்து மாதக் கர்ப்பிணி. ரத்தம் குறைவு, தினமும் கீரை சாப்பிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீங்களும் இதத்தான சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு, இதேதான் துன்றோம்" என்று வாய் கூசாமல் சொன்னாள் அங்கம்மா.

மறுநாளே வீட்டுப் பாத்தியிலிருந்து ஒரு கட்டு கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நமக்கே போதாதே என்று நினைத்தாள். அதை எண்ணினால் இன்றைக்கும் கூனிக் குறுகிப் போகிறாள்.

ஏழாம் மாத வளைகாப்புக்கு ஜெயஸ்ரீ அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். பந்தியில் பக்கத்திலேயே உட்காரவைத்து, "இவங்க கீரைதான் எனக்கு ரத்தம் ஏத்துச்சு" என்று எல்லோரிடமும் சொன்னாள். அங்கம்மா விற்ற அரைக்கீரையில் செய்த மசியலை அவள் இலையில்தான் முதலில் வைத்தார்கள். அவள் கை சோற்றைத் தொட்டது, கீரைப் பக்கம் போகவில்லை. ஜெயஸ்ரீயோ ஒரு கவளம் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனாள். அங்கம்மா அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

"வேணாம் கண்ணு. அது வாய்க்கா தண்ணில வெளஞ்சது. எங்க வூட்ல அத துன்ன மாட்டோம்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அங்கம்மா தாங்கியிருப்பாள். ஜெயஸ்ரீ மற்றக் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, "அப்ப நீங்க எதச் சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"தனியா ஒரு பாத்தி கீது" என்று இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் அங்கம்மா. "அதுக்கு நல்ல தண்ணி."